அறிமுகமில்லாத பகுதியை நுணுகி வாசித்தல்
(செய்யுள் நயத்தல், கிரகித்தல் ஆகிய வினாக்களுக்கான வழிகாட்டல்)



தமிழ் மொழியும் இலக்கியமும் பாடத்தில் மாணவர் அதிகம் அஞ்சுவது முன்னர் படித்திராத பகுதிகளுக்கே. பாடநூலில் உள்ள செய்யுளுக்குக் குறிப்பு உண்டு. கட்டுரைக்கு மாதிரி உண்டு. இலக்கணத்துக்குப் பயிற்சி உண்டு. அறிமுகமில்லாத ஒரு செய்யுளோ, கடினமான ஒரு பந்தியோ வந்தால் மட்டும் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணம் தோன்றிவிடுகின்றது. கல்கிசையில் நான் நடத்தும் வகுப்புக்கு வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களிலிருந்து மாணவர் வருகின்றனர். முன்னோடிப் பரீட்சை முடிந்ததும் அவர்களிடமிருந்து நான் கேட்கும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "ரீச்சர், அது எங்களுக்குப் படிப்பிக்காத செய்யுள்."

படிப்பிக்காத செய்யுளைத் தருவதே அவ்வினாவின் நோக்கம். நீங்கள் எதனை மனனம் செய்தீர்கள் என்று பரீட்சகர் அங்கே சோதிப்பதில்லை. எழுதப்பட்டிருப்பதை எழுதப்பட்டவாறே விளங்கிக்கொள்ள உங்களால் இயலுமா என்றே பார்க்கின்றார். இத்திறன் குறிப்புக் கொப்பியில் கிடைக்காது. ஆயினும் அதற்கு ஒரு முறை உண்டு. அம்முறையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பேரறிஞர் ஒருவரின் அனுபவம்

கடினமான பகுதியைக் கண்டு திகைப்பவர் நீங்கள் மட்டும் அல்லர். உ. வே. சாமிநாதையர் (1855 - 1942) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களை முறையாகக் கற்றவர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அந்நகரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியாரோ சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலைப் படித்திருக்கவில்லை.

பின்னர் முதலியார் கொடுத்த பிரதியை ஐயர் வாசிக்கத் தொடங்கினார். அத்தனை நூல்களைக் கற்றிருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. அது சமண சமயக் காப்பியம். சமணரின் வழக்குகளும் கொள்கைகளும் அவருக்குப் புதியவை. அவர் என்ன செய்தார்? தெரிந்ததுபோல் கடந்து செல்லவில்லை. தமது அறிவைக் கொண்டு ஒரு பொருளை ஊகித்து நிரப்பவும் இல்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று கேட்டார். நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரையைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். அவ்வுரையில் வரும் மேற்கோள்களுள் பல எந்நூலைச் சேர்ந்தவை என்ற குறிப்பே இல்லாதவை. அவற்றின் மூலங்களையும் தேடினார். பல பிரதிகளை ஒப்பிட்டார். 1887ஆம் ஆண்டு அந்நூல் உரையுடன் அச்சில் வெளிவந்தது. முதற் சந்திப்பிலிருந்து கணக்கிட்டால் ஏழு ஆண்டுகள்.

அதே 1887ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901) கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டார். இவ்விருவரும் வாசித்த ஏடுகள் எத்தகையவை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும், நெடிலுக்குரிய காலும் ஒன்றுபோலவே தோன்றும். சீர் எங்கே முடிகின்றது, அடி எங்கே முடிகின்றது என்பதற்கு அடையாளம் இல்லை. எனவே ஒவ்வொரு சொல்லிலும் நின்று "இஃது என்ன சொல்?" என்று கேட்டே அவர்கள் முன்னேற வேண்டியிருந்தது.

உங்களுக்குத் தரப்படும் வினாத்தாளில் புள்ளியும் உண்டு, அடியும் பிரிக்கப்பட்டுள்ளது, நிறுத்தக் குறிகளும் உண்டு. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: தெரியாததைத் தெரியாது என்று குறித்துக்கொண்டு, தெரிந்ததிலிருந்து அதனை நோக்கிச் செல்லுதல்.

2. உரையாசிரியர் காட்டிய வழி

நுணுகி வாசிக்கும் முறை தமிழுக்குப் புதியதன்று. நம் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்ததும் இதுவே. அவர்களது உரை வகைகளை நீங்கள் பெயரளவில் அறிவீர்கள். அவை ஒவ்வொன்றும் வாசிப்பின் ஒவ்வொரு படி என்பதை இப்போது அறிந்துகொள்ளுங்கள்.

பதவுரை: ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறுதல்.
பொழிப்புரை: சொற்களை ஒழுங்குபடுத்தி முழுப் பொருளையும் தொடர்ச்சியாகக் கூறுதல்.
கருத்துரை: பாடலின் உட்கருத்தைச் சுருக்கிக் கூறுதல்.
விளக்கவுரை: இச்சொல் ஏன் இங்கு வந்தது, இதனாற் பெறப்படுவது யாது என்று காரணத்துடன் விளக்குதல்.

இவ்வொழுங்கைக் கவனியுங்கள். பதவுரை முதலில்; கருத்துரை பின்னர். நமது மாணவரோ கருத்துரையிலிருந்து தொடங்குகின்றனர். செய்யுளை ஒரு முறை பார்த்ததும் "இது தாய்ப்பாசத்தைக் கூறுகின்றது", "இது நிலையாமையைக் கூறுகின்றது" என்று முடிவு செய்துவிட்டு, அம்முடிவுக்கேற்பச் சொற்களை வளைக்கின்றனர். பெரும்பாலான பிழைகளுக்கு இதுவே மூலகாரணம்.

இன்னொன்றும் அறிய வேண்டும். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் மணக்குடவர், பரிதியார், காலிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள் இன்று கிடைக்கின்றன. ஒரே குறளுக்கு இவர்கள் வேறுவேறு பொருள் கூறும் இடங்கள் பல. ஆகவே ஒரு செய்யுளுக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என எண்ண வேண்டியதில்லை. அதற்காக எதையும் எழுதலாம் என்பதும் அன்று. பரிமேலழகர் பிறர் உரையை மறுக்கும்போது தமது காரணத்தையும் கூறுகின்றார். பொருள் வேறுபடலாம்; காரணம் இல்லாமல் வேறுபடலாகாது.

3. செய்யுளை வாசிக்கும் ஆறு படிகள்

கீழ்வரும் சிறு செய்யுள் வகுப்புப் பயிற்சிக்காக இயற்றப்பட்டது. எந்நூலிலும் இதனைத் தேட வேண்டாம். உரை பார்க்க வழியில்லை என்பதே இதன் பயன்.

கரைமணல் மீதில் வலைவிரித் திருந்த
முதியோன் விழிகள் கடல்மேற் செல்ல
இரைதேர் பறவை திரும்பின மாலை
திரும்பா ஒன்றைத் தேடி
நின்றது நெஞ்சம் நிலவெழும் வரையே.

படி 1: எழுதாமல் வாசித்தல்

முதல் இரு முறையும் பேனையைத் தொடாமல் வாசியுங்கள். வீட்டில் பயிலும்போது வாய்விட்டு வாசியுங்கள். பரீட்சை மண்டபத்தில் உதடு அசையாமல், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மனத்துள் ஒலித்து வாசியுங்கள். கண்ணால் மட்டும் பார்த்துச் செல்லும்போது சொல்லின் ஈறு தவறிவிடும். தமிழில் பால், எண், காலம், எதிர்மறை யாவும் பெரும்பாலும் சொல்லின் ஈற்றுப்பக்கத்திலேயே உள்ளன.

படி 2: தெரியாததைக் குறித்தல்

பொருள் தெரியாத சொல்லின் கீழ் மெல்லிய கோடிடுங்கள். சொல் தெரிந்தும் தொடர்பு விளங்காவிடில் பக்கத்தில் ஒரு வினாக்குறி இடுங்கள். மேலுள்ள செய்யுளில் கடினமான சொல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் வினாக்குறி வர வேண்டும். ஒன்று, மூன்றாம் அடியின் இறுதியில் நிற்கும் "மாலை". மற்றொன்று, நான்காம் அடியிலுள்ள "ஒன்றை". இவ்விரண்டையும் குறிக்காமல் கடந்தவர் செய்யுள் இலகுவானது என்று எண்ணிப் பிழையாக எழுதுவார்.

படி 3: சொற்களைப் பிரித்தல்

செய்யுளில் சீருக்காகச் சொற்கள் சேர்ந்தும் பிரிந்தும் நிற்கும். "வலைவிரித் திருந்த" என்பதில் இரண்டாம் சீரைத் தனியே பார்த்தால் "திருந்த" என்ற சொல் தோன்றும். உண்மையில் அது "விரித்து + இருந்த" ஆகும். வகுப்பில் இதனை வைத்து "முதியவர் தம் தவறைத் திருந்த எண்ணினார்" என்று எழுதிய மாணவரும் உண்டு. ஒரு சந்தியைப் பிரிக்காததால் செய்யுளில் இல்லாத ஒரு கதை பிறந்துவிட்டது. அவ்வாறே "கடல்மேற் செல்ல" என்பது "கடல்மேல் செல்ல". "நிலவெழும்" என்பது "நிலவு எழும்". பிரித்து எழுதியபின் மீண்டும் ஒரு முறை வாசியுங்கள்.

படி 4: பயனிலையைக் கண்டு எழுவாயைத் தேடுதல்

கடினமான தொடரைத் திறக்கும் திறவுகோல் முற்றுவினையே. முதலில் முற்றுவினைகளைக் கண்டுபிடியுங்கள். இங்கே இரண்டு உள்ளன: "திரும்பின", "நின்றது". ஆகவே செய்யுளில் இரண்டு வாக்கியங்கள்.

திரும்பின எவை? பறவை. "பறவை" என்ற சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவான பால்பகா அஃறிணைப் பெயர். வினைமுற்று பலவின்பாலில் வருவதால் பறவைகள் பல என்பது தெளிவு. இரைதேர் பறவை என்பது வினைத்தொகை. இரையைத் தேடும் பறவை.

நின்றது எது? நெஞ்சம். யாருடைய நெஞ்சம்? செய்யுள் கூறவில்லை. செய்யுளில் உள்ள மனிதர் முதியோன் ஒருவரே; எனவே அவருடைய நெஞ்சம் எனக் கொள்ளலாம். இங்கே "கொள்ளலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூறப்பட்டதற்கும் நாம் கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னர் பார்ப்போம்.

படி 5: வசன ஒழுங்கில் எழுதுதல்

சொற்களை உரைநடை ஒழுங்குக்குக் கொண்டுவருவதைக் கொண்டுகூட்டு என்பர். "மாலை" என்பது இப்போது விளங்கும்: "இரைதேடும் பறவைகள் மாலையில் திரும்பின." ஏழாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கின்றது.

பொழிப்பு: கரையிலுள்ள மணலின் மீது வலையை விரித்து இருந்த முதியவரின் கண்கள் கடல்மேற் செல்ல, இரைதேடும் பறவைகள் மாலையில் திரும்பின, திரும்பாத ஒன்றைத் தேடி நிலவு எழும் வரையும் நெஞ்சம் நின்றது.

ஓர் எச்சரிக்கை. அருகிலுள்ள சொற்களைக் கொண்டு பொருள் முடியுமாயின் தொலைவிலுள்ள சொல்லை இழுக்க வேண்டாம். நச்சினார்க்கினியரே அளவுக்கு மீறிச் சொற்களைக் கொண்டுகூட்டினார் என்று மறைமலையடிகள் தமது முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் குறைகூறினார். பேருரையாசிரியருக்கும் இத்தகைய குறை கூறப்பட்டதெனில் நாம் எவ்வளவு அவதானமாக இருத்தல் வேண்டும்!

படி 6: சொல்லை மாற்றிப் பார்த்தல்

"இச்சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் வந்திருந்தால் என்ன வேறுபாடு?" என்று கேளுங்கள். நயம் எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

(அ) முதியோன் "இருந்த" நிலையில் உள்ளார், நெஞ்சம் "நின்றது". உடல் அமர்ந்திருக்க மனம் அமரவில்லை. "இருந்தது நெஞ்சம்" என மாற்றிப் பாருங்கள். அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

(ஆ) "திரும்பின", "திரும்பா" என ஒரே வினை உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் அடுத்தடுத்து வருகின்றது. திரும்பியவை பல, திரும்பாதது ஒன்று. முரண் அணியின் நயம் இங்கு உண்டு.

(இ) "ஒன்றை" என்பதற்குப் பதிலாக "ஒருவனை" என்று வந்திருக்கலாம். ஓசையும் கெடாது. ஆனால் வந்திருப்பது அஃறிணை ஒருமை.

இந்த மூன்றாவது குறிப்பே இச்செய்யுளின் மையம் ஆகும். அதனைத் தனியாக நோக்குவோம்.

4. சொல்வது, பெறப்படுவது, நாம் சேர்ப்பது

இச்செய்யுளை முதன்முறை வகுப்பில் கொடுத்தபோது பெரும்பாலானோர் எழுதிய விடை இதுதான்: "கடலுக்குச் சென்ற மகன் இறந்துவிட்டதால் முதிய தந்தை அழுகின்றார்." உருக்கமான விடை. ஆனால் மகன் எங்கே? இறப்பு எங்கே? அழுகை எங்கே? மூன்றும் செய்யுளில் இல்லை. முதியவர், கடல், மாலை, திரும்பாமை என்ற நான்கையும் கண்டவுடன் முன்பு பார்த்த ஒரு திரைப்படமோ படித்த ஒரு கதையோ நினைவுக்கு வந்து, அது செய்யுளின் இடத்தில் அமர்ந்துகொண்டது.

அன்று பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்து, "திரும்பா என்றால் செத்துப்போச்சு என்று இல்லைத்தானே, ரீச்சர்" என்றார். வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவர் அவர். ஏன் அப்படிச் சொல்கிறீர் என்று நான் கேட்கவில்லை. "எந்தச் சொல்லைக் கொண்டு சொல்கிறீர்?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "திரும்பா என்பதில் காலம் இல்லை" என்றார்.

அது முற்றிலும் சரியான விடை. "திரும்பா" என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்மறைப் பெயரெச்சம் காலங்காட்டும் இடைநிலை பெறாது. மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கும். இதுவரை திரும்பாதது, இப்போது திரும்பாதது, இனித் திரும்பாதது ஆகிய மூன்று பொருளும் அதில் உண்டு. இனித் திரும்பாது என்று முடிவு கூறும் சொல் செய்யுளில் எங்கும் இல்லை. அந்த முடிவை எழுதியவர்கள் நாம். காத்திருக்கும் ஒருவரின் காத்திருப்பை நாமே முடித்துவைத்துவிட்டோம்.

இலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. ஒரு பெயரெச்சத்தின் இலக்கணக் குறிப்பை மனனம் செய்து இரண்டு புள்ளி பெறலாம். அதே குறிப்பைக் கொண்டு ஒரு முதியவரின் மனநிலையை அறியவும் செய்யலாம்.

ஆகவே எந்தப் பகுதியை வாசித்தாலும் மூன்று நிரல்களை மனத்தில் வைத்திருங்கள்.

முதலாம் நிரல், பகுதி சொல்வது: முதியவர் வலைவிரித்து இருந்தார், பறவைகள் மாலையில் திரும்பின, திரும்பாத ஒன்றைத் தேடி நெஞ்சம் நின்றது.

இரண்டாம் நிரல், பகுதியிலிருந்து பெறப்படுவது: அந்த "ஒன்று" பறவைகளுள் ஒன்றாகலாம், ஏனெனில் அதற்கு முன் கூறப்பட்டவை பறவைகளே. அது ஒரு தோணியும் ஆகலாம்; ஏனெனில் வலையும் கடலும் கூறப்பட்டுள்ளன. "நெஞ்சம்" தேடுவதாகக் கூறப்படுவதால் அவருக்கு மிக நெருங்கிய ஓர் இழப்போ பிரிவோ குறிப்பாக உணர்த்தப்படலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் "ஏனெனில்" என்று சொல்ல ஒரு சான்று இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் நிரல், நாம் சேர்ப்பது: மகன், இறப்பு, புயல், அழுகை, வறுமை. இவற்றுக்குச் செய்யுளில் சான்று இல்லை.

முதலாம் நிரலை உறுதியாக எழுதுங்கள். இரண்டாம் நிரலை "எனலாம்", "எனக் கொள்ளலாம்" என்ற சொற்களுடனும் சான்றுடனும் எழுதுங்கள். மூன்றாம் நிரலை எழுதாதீர்கள்.

5. உரைநடைப் பந்தியை வாசித்தல்

கிரகித்தல் வினாவுக்கும் இம்முறையே பொருந்தும். ஆனால் உரைநடையில் சந்தியைவிட வாதத்தின் திருப்பங்களைக் கவனித்தல் வேண்டும். பின்வரும் பந்தியை இரு முறை வாசியுங்கள்.

"வாசிப்புப் பழக்கம் அருகி வருகின்றது என்று பலர் கூறுவர். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியுமே அதற்குக் காரணம் என்பதும் அவர்தம் துணிபு. நூலகத்துக் கதிரைகள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்ட எவரும் இக்கூற்றை முற்றாக மறுத்தல் இயலாது. எனினும், கைத்தொலைபேசி வைத்திருக்கும் சிறுவன் வாசிப்பதேயில்லை என்பது பொருந்தாது. அவன் நாள் முழுவதும் வாசிக்கின்றான். ஆனால் எதனையும் இரண்டாம் முறை வாசிப்பதில்லை. நாம் இழந்துகொண்டிருப்பது வாசிப்பை அன்று, மீள்வாசிப்பையே. முன்னையது குறைந்தால் நூலகம் வெறுமையாகும். பின்னையது குறைந்தால் வாசிப்பவனே வெறுமையாவான்."

வினா 1: குறைந்து வருவதாக ஆசிரியர் கருதுவது யாது?

"வாசிப்புப் பழக்கம்" என்பது பிழையான விடை. அது பந்தியின் முதல் வரியில் இருப்பதால் பலர் அதனையே எழுதுவர். ஆனால் அவ்வரியின் முடிவில் "என்று பலர் கூறுவர்" என்று இருக்கின்றது. அது பிறர் கூற்று. "எனினும்" என்ற சொல்லின் பின்னரே ஆசிரியரின் கூற்று வருகின்றது. சரியான விடை மீள்வாசிப்பு என்பதாகும்.

"என்பர்", "என்று கருதுவர்", "எனப்படுகின்றது" ஆகியவை பிறர் கூற்றைக் காட்டும். "எனினும்", "ஆயினும்", "ஆனால்", "மாறாக" ஆகியவை திருப்பத்தைக் காட்டும். வாசிக்கும்போது இச்சொற்களைச் சுற்றி ஒரு வட்டமிடுங்கள். பந்தியின் பாதை உங்களுக்குப் புலப்படும்.

வினா 2: பிறர் கூற்றை ஆசிரியர் முழுமையாக ஏற்கின்றாரா?

"முற்றாக மறுத்தல் இயலாது" என்பதை "மறுக்க இயலாது" என்று வாசிப்பவர் "ஆம்" என எழுதுவார். "முற்றாக" என்ற ஒரு சொல் பொருளை மாற்றுகின்றது. முற்றாக மறுக்க இயலாது எனின், ஒரு பகுதியை மறுக்கலாம் என்பது பெறப்படும். விடை: இல்லை; ஒரு பகுதியை ஏற்று ஒரு பகுதியை மறுக்கின்றார். "எல்லாம்", "சில", "மட்டும்", "பெரும்பாலும்", "தவிர" ஆகிய அளவுச் சொற்களை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள்.

வினா 3: "பின்னையது" எதனைக் குறிக்கின்றது?

சுட்டுச் சொல் வந்தால் உடனே முன்வாக்கியத்துக்குத் திரும்புங்கள். அங்கே இரண்டு பொருள்கள் வரிசையாக உள்ளன: வாசிப்பு, மீள்வாசிப்பு. முன்னையது வாசிப்பு, பின்னையது மீள்வாசிப்பு. சரிபார்க்க, சுட்டுச் சொல்லின் இடத்தில் அப்பொருளை வைத்து வாசித்துப் பாருங்கள்.

வினா 4: "வாசிப்பவனே வெறுமையாவான்" என்பதை விளக்குக.

முதலில் "வெறுமை" என்ற சொல் முன்னர் எங்கே வந்தது என்று பாருங்கள். நூலகத்துக் கதிரைகளுக்கு அது வந்தது. அங்கு ஆள் இல்லாமை. இங்கு மனத்தில் எதுவும் தங்காமை. ஒரே சொல் இரு இடங்களில் வரும்போது இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் விடை சிறப்பாக அமையும்.

6. இரு விடைகளின் ஒப்பீடு

மேலுள்ள செய்யுளில் முதியவரின் மனநிலையை விளக்குக என்ற வினாவுக்கு எழுதப்பட்ட இரு விடைகளைப் பாருங்கள்.

விடை அ: "இச்செய்யுளில் கவிஞர் முதியவரின் மனநிலையை மிக அழகாகவும் அற்புதமாகவும் படம்பிடித்துக் காட்டியுள்ளார். இதனை வாசிக்கும்போது எமது கண்கள் கலங்குகின்றன. சொல்லாட்சி மிகச் சிறப்பாக அமைந்துள்ளது."

விடை ஆ: "முதியவரின் உடல் கரையில் இருந்தாலும் நெஞ்சம் 'நின்றது' என்று கூறப்படுவதால் அவர் அமைதியின்றிக் காத்திருப்பது புலனாகின்றது. பறவைகள் திரும்பிய பின்னரும் திரும்பாத ஒன்றையே அவர் மனம் நாடுகின்றது. 'நிலவெழும் வரையே' என்பது அக்காத்திருப்பு இருளும் வரை நீண்டதைக் காட்டுகின்றது."

விடை அ எந்தச் செய்யுளுக்கும் பொருந்தும். ஆகவே எந்தச் செய்யுளுக்கும் பொருந்தாது. அதனை எழுதுவதற்குச் செய்யுளை வாசித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பரீட்சகரும் அதனை அறிவார். விடை ஆவில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. மூன்று வாக்கியமும் செய்யுளின் சொற்களிலேயே கால் ஊன்றி நிற்கின்றன. அதற்கே புள்ளி கிடைக்கும்.

உங்கள் விடையைச் சோதிக்க எளிய வழி: எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "எந்தச் சொல்லைக் கொண்டு?" என்று உங்களையே கேளுங்கள். பகுதியிலுள்ள ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் அவ்வாக்கியம் நிற்கட்டும். முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

7. பரீட்சைக்கு வெளியே

இத்திறன் பரீட்சை மண்டபத்துடன் முடிவதில்லை. நாளை உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். ஒரு படிவம் வரும். ஓர் ஒப்பந்தம் வரும். வீட்டில் பெரியோர் "பிள்ளை, இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லு" என்று உங்களிடம் தருவர். இவ்வாறான ஒரு வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள்: "ஏற்கனவே விண்ணப்பித்தோர் தவிர்ந்த ஏனையோர், மாத இறுதிக்கு முன்னர் விண்ணப்பிக்காவிடின், அவர்தம் கோரிக்கை கருத்திற் கொள்ளப்படமாட்டாது."

விண்ணப்பிக்க வேண்டியவர் யார்? வேண்டாதவர் யார்? கடைசி நாள் எது? தவறினால் என்ன நேரும்? "தவிர்ந்த" என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் விண்ணப்பித்தவர் மீண்டும் வரிசையில் நிற்பார். விண்ணப்பிக்காதவர் வீட்டில் இருப்பார். அங்கே இழப்பது இரண்டு புள்ளி அன்று.

8. பயிற்சி

நாள்தோறும் இருபது நிமிடங்கள் ஒதுக்குங்கள். பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தில் ஒரு பந்தியையோ, பாடநூலில் இன்னும் படிப்பிக்காத ஒரு செய்யுளையோ எடுங்கள். குறிப்பையும் உரையையும் மூடிவையுங்கள். பின்வருவனவற்றைக் கொப்பியில் எழுதுங்கள்.

(1) எனக்கு விளங்காத சொற்களும் இடங்களும்.
(2) முற்றுவினைகளும் அவற்றின் எழுவாய்களும்.
(3) முழுப் பகுதியும் எனது வசனத்தில்.
(4) மாற்றிப் பார்த்த ஒரு சொல்லும், அதனால் அறிந்த வேறுபாடும்.
(5) பகுதி சொல்வது, பெறப்படுவது ஆகிய இரு நிரல்கள்.

இவற்றை முடித்த பின்னரே உரையைத் திறந்து ஒப்பிடுங்கள். நீங்கள் எழுதியது உரையுடன் வேறுபட்டால் உடனே அழிக்க வேண்டாம். உரைகாரர் எந்தச் சொல்லைக் கொண்டு அப்பொருள் கூறினார், நீங்கள் எந்தச் சொல்லைக் கொண்டு இப்பொருள் கூறினீர்கள் என்று பாருங்கள். சில வேளை நீங்கள் ஒரு சொல்லைத் தவறவிட்டிருப்பீர்கள். அதுவே அன்றைய பாடம். சில வேளை உங்கள் காரணமும் நிற்கும். அதனையும் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேளுங்கள்.

முதல் வாரம் ஒரு பந்திக்கே இருபது நிமிடமும் போதாது. மனந்தளர வேண்டாம். சாமிநாதையருக்கு ஒரு நூலுக்கு ஏழு ஆண்டுகள் சென்றன. பயிற்சி தொடரத் தொடர இப்படிகள் தாமாகவே விரைவாகும். பரீட்சை மண்டபத்தில் படித்திராத செய்யுளைக் காணும்போது "இது படிப்பிக்காதது" என்று அஞ்சாமல், பேனையைக் கீழே வைத்துவிட்டு, முதல் அடியிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.